எண்ணிக்கை சரியாக இருந்தது

மலைச்சரிவில் நின்று பிள்ளைகளை எண்ணினோம். 22 பேர் இருக்க வேண்டும், 22 பேர் இருந்தார்கள். இறங்கத் தொடங்கினோம். அந்த 22 பேரில் ஒரு பையன் எங்கள் பள்ளிக்காரனே இல்லை. எங்கள் பிள்ளை ஒருத்தி மேலே ஓடைக்கரையில் தனியாக நின்றாள். அடுத்த 32 நிமிடங்களுக்கு எங்களில் யாருக்கும் இது தெரியாது.

அவள் பத்திரமாகத் திரும்பிவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் யாரும் இதை நெஞ்சு பதறிக்கொண்டே படிக்க வேண்டாம். பள்ளியின் பெயரும் முகாமின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. பிள்ளையை அவளுடைய ஆயா கூப்பிடுவது குட்டி என்று. நானும் அப்படியே எழுதுகிறேன். தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளில் ஆயா என்றால் பாட்டி.

பின்னணி

டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி இந்திய வம்சாவளிக் குடும்பங்களைப் பல இடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் இது. இன்று எங்கள் வகுப்புகளில் பாதிக்கு மேல் ஜூலு பிள்ளைகள். அந்த ஆண்டு 6ஆம் வகுப்பிலிருந்து முகாமுக்கு வந்த 43 பேரில் தமிழ்ப் பாடம் எடுத்தவர்கள் 14 பேர். இந்த 14 என்ற எண் பின்னால் மறுபடியும் வரும்.

ஒவ்வோர் ஆண்டும் 6ஆம் வகுப்பை மூன்று நாள், இரண்டு இரவு டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போவோம். ஜூலு மொழியில் அந்த மலைக்கு உகஹ்லாம்பா என்று பெயர், ஈட்டிகளால் ஆன அரண் என்று பொருள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூய் ரிவர், எஸ்ட்கோர்ட் வழியாக விண்டர்ட்டன் போய், அங்கிருந்து மலைப் பக்கம் திரும்ப வேண்டும்; போய்ச்சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். 3,377 மீட்டர் உயரமுள்ள சாம்பேன் காசில் சிகரம் எதிரே நிற்கும். கடற்கரை ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார்கள்.

கயிறு கட்டிப் பாறையில் இறங்குவது, இங்கே ஃபூஃபி ஸ்லைடு என்று சொல்லும் கம்பிச் சறுக்கு, பீப்பாய்களைக் கட்டி மிதவை செய்து குளத்தில் ஓட்டுவது, இரவில் தீ மூட்டிப் பாட்டு, நடுவில் ஒரு மலைநடை. இவை எல்லாம் தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. வகுப்பில் ஓராண்டாக என்னிடம் நான்கு வார்த்தை பேசியிராத ஒரு பையன், பாறை விளிம்பில் இடுப்புக் கச்சையை இறுக்கிக்கொண்டு, "மேம், நான் முதல்ல போறேன்" என்றதைப் பார்த்தவள் நான். தேவை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் கூட்டிப்போகிற விதத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

அக்டோபர் இரண்டாம் வாரம். நான்காம் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. புரட்டாசி முடியவில்லை. இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதம் முழுக்க மாமிசம் தொடுவதில்லை. தமிழ் பேச்சு மறந்துபோன வீடுகளிலும் புரட்டாசி மறக்கவில்லை. எங்கள் 43 பேரில் 11 பேருக்குச் சைவச் சாப்பாடு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம். முகாம் சமையலறையும் அக்கறையாகத்தான் செய்தது. முதல் நாள் இரவு தீயில் சுட்டுத் தின்னக் கொடுக்கும் மார்ஷ்மெல்லோவில் மாட்டுத்தோல் ஜெலட்டின் இருக்கும் என்று நான் சொன்னதும், பிள்ளைகளுக்கு மக்காச்சோளக் கதிர் கொண்டுவந்து தந்தார்கள். எங்களோடு வந்திருந்த இரண்டு முஸ்லிம் பிள்ளைகளும் அதைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள்

மலைநடை காலையில் இருக்க வேண்டியது. கயிறு இறக்கும் பயிற்சியாளர் காலையில் மட்டும்தான் இருப்பார் என்று சொல்லி வரிசையை மாற்றினார்கள். கயிறு காலைக்கு வந்தது, மலை நண்பகலுக்குப் போனது. நாங்களும் சரி என்றோம். டிராக்கன்ஸ்பெர்க்கில் வசந்தமும் கோடையும் வந்தால் காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடி இறங்கும். அந்தப் பக்கத்து ஆடு மேய்க்கும் பையனுக்கும் தெரிந்த விஷயம் அது. எங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தலையாட்டினோம்.

சிவப்பு அணியில் 22 பேர், என்னோடு இன்னோர் ஆசிரியை. நீல அணியில் 21 பேர், இரண்டு ஆசிரியர்கள். முகாம் வழிகாட்டிகள் மூவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடியை விட்டு நகரக் கூடாது என்று காலையில் இரண்டு முறை சொல்லியிருந்தோம். குட்டியின் ஜோடி ஒரு ஜூலு சிறுமி. இருவரும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

12:40க்குச் சாப்பாடு. சைவப் பொட்டலங்கள் 11ஐயும் சமையலறையில் ஒரே பையில் கட்டியிருந்தார்கள். அந்தப் பை நீல அணியோடு போயிருந்தது. நீல அணி எங்களுக்கு மேலே சுமார் 300 மீட்டர் தள்ளி ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தது. சிவப்பு அணியின் சைவப் பிள்ளைகள் ஆறு பேரை ஒரு வழிகாட்டி மேலே அழைத்துப்போனார். குட்டி போனாள். அவளுடைய ஜோடி கோழி சாண்ட்விச்சோடு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஜோடி பிரிந்த அந்த நொடியில் நான் அங்கேதான் இருந்தேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பாட்டுக்குத்தானே போகிறாள் என்று நினைத்தேன்.

குட்டியிடம் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. மூன்று நாளைக்குக் கெடாது என்று ஆயா கொடுத்துவிட்ட மாங்காய் அச்சார். அன்று எல்லோருக்கும் கொடுத்து டப்பாவைக் காலி செய்துவிட்டாள். எச்சில் டப்பாவைக் கழுவாமல் மூடக் கூடாது என்பது ஆயா வீட்டு வழக்கம். கரையிலிருந்து இறங்கி, மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து மணலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

13:12க்கு முதல் இடி. தென்மேற்கே முகடு கறுத்துவிட்டது. வழிகாட்டிகள் உடனே இறங்கச் சொன்னார்கள். சிவப்புப் பிள்ளைகளை உங்கள் அணிக்குப் போங்கள் என்று கீழே அனுப்பினார்கள். ஐந்து பேர் ஓடி வந்தார்கள். நீல அணியில் எண்ணினார்கள், 21. சரி. குட்டி அவர்கள் கணக்கில் இல்லை.

அதே பாதையில் இன்னொரு பள்ளியும் வந்திருந்தது. அதே முகாம், முகாம் கொடுத்த அதே பச்சை மழைக்கோட்டு. ஆலங்கட்டி விழத் தொடங்கியதும் எல்லோரும் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அந்தப் பள்ளிப் பையன் ஒருவன் கோட்டைப் போட நின்றவன், நிமிர்ந்து பார்த்து, கண்ணில் பட்ட பச்சை வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டான். அது எங்கள் வரிசை. 13:20க்கு ஒவ்வொரு முக்காட்டையும் தொட்டுத் தொட்டு எண்ணியது நான்தான். 22.

குட்டியின் ஜோடி என் கையைப் பிடித்துக் கேட்டாள், அவள் எங்கே என்று. நீல அணியோடு வருகிறாள் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். மழைச் சத்தத்தில் அவள் கேட்டதே பாதிதான் காதில் விழுந்தது.

கீழே மாட்டுக் கதவு வரை இறங்க 25 நிமிடம் ஆனது. 13:52க்கு வழிகாட்டியின் வாக்கி டாக்கியில் அந்த இன்னொரு பள்ளியின் குரல்: "எங்களில் ஒருவன் குறைகிறான்." அவர்கள் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். உடனே நாங்களும் முக்காடுகளை விலக்கச் சொன்னோம். அந்தப் பையன் அப்பாவியாகக் கையைத் தூக்கினான். அவனைக் கண்ட நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவன் ஒருவன் அதிகம் என்றால் எங்களில் ஒருவர் குறைவு. ஜோடிச் சிறுமி அழத் தொடங்கினாள். அவள் முன்பே சொல்லிவிட்டாள், கேட்காமல் விட்டவள் நான்.

கடைசி இடி கேட்டு எட்டு நிமிடம் ஆகியிருந்தது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் திறந்த வெளிக்குப் போகக் கூடாது என்பது விதி. அந்த ஊர்க்கார இளைஞனான வழிகாட்டி, மேகம் போகும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, மற்றவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக ஏறினார். அவரைப் போகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. விதியைக் காப்பாற்றியிருந்தால் பிள்ளை இன்னும் 22 நிமிடம் ஈரத்தில் நின்றிருப்பாள். அவர்மேல் மின்னல் விழுந்திருந்தால் அவருடைய தாய்க்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? இதற்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. நல்ல முடிவு என்று பாராட்டியவர்களிடமும் இதையேதான் சொன்னேன்.

14:14க்குக் கண்டுபிடித்தார். பாதையிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு பாறைக் குடையின் கீழ் நின்றாள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில், சத்தம் கொடு என்று காலையில் சொல்லியிருந்தார்கள். சத்தம் கொடுக்க விசில் யாரும் கொடுக்கவில்லை. மூடியால் டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். டங், டங் என்று அந்தச் சத்தம் ஓடை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது என்று வழிகாட்டி சொன்னார்.

உடம்பு

உதடு நீலம் பாய்ந்து, பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். நடுக்கம் இருந்தது நல்ல அறிகுறி. உடல் குளிர்ந்துபோன பிள்ளைக்கு நடுக்கம் நின்று நாக்கு குழறினால்தான் உயிருக்கு ஆபத்து. ஈரத் துணி முழுவதையும் கழற்றி, உலர்ந்த கம்பளியும் அதன்மேல் அலுமினியத் தாள் போர்வையும் சுற்றி, சர்க்கரை தூக்கலாகப் போட்ட வெந்தேநீரை மெதுவாகக் குடிக்க வைத்தோம். கைகாலைத் தேய்க்கப் போன உதவியாளரை வழிகாட்டி தடுத்தார். தேய்க்கக் கூடாது, போர்த்தி வைத்தால் போதும். ஒன்றரை மணி நேரத்தில் வெப்பமானி இயல்புக்கு வந்தது. இரவு பருப்பும் சோறும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்றிரவு ஒரு பெரியவர், இரும்பு டப்பாவைத் தட்டினால் மின்னலை இழுக்காதா என்று கேட்டார். கைக்கடக்கமான உலோகம் மின்னலை இழுப்பதில்லை. உயரமும், தனித்து நிற்பதும், கூர்மையும்தான் இழுக்கும். உண்மையான ஆபத்து அவள் ஒதுங்கிய இடத்தில் இருந்தது. ஆழமில்லாத பாறைக் குடை பாதுகாப்பாகத் தோன்றும். மேலே விழும் மின்னல் பாறை விளிம்பிலிருந்து தரைக்குப் பாயும்போது நடுவில் நிற்பவரின் உடல் அதற்குப் பாலமாகிவிடும். மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இதைக் காலை அறிவுரையில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

எங்கே தவறியது

கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அப்படி முடித்தால் அடுத்த ஆண்டும் இதேதான் நடக்கும். அன்று நாங்கள் அத்தனை பேரும் கவனமாகத்தான் இருந்தோம். எண்ணாமல் யாரும் நகரவில்லை.

எண்ணுவதில்தான் கோளாறு. எண்ணிக்கைக்கு ஆள் யார் என்று தெரியாது. ஒருவர் போய் ஒருவர் வந்தால் கூட்டுத்தொகை மாறாது. ஒரே நிறக் கோட்டும் முக்காடும் போட்டுவிட்டால் முகமும் மறைந்துபோகிறது. அந்த இன்னொரு பள்ளி பெயர் சொல்லி அழைத்ததால்தான் எங்கள் பிள்ளை கிடைத்தாள். அவர்களுடைய பையன் தவறியிராவிட்டால், முகாமுக்குப் போய் அணிகள் ஒன்றுசேரும்வரை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

2020 ஜனவரியில் ஜோஹன்னஸ்பர்க் பள்ளி ஒன்றின் 8ஆம் வகுப்பு முகாமில் குரோக்கடைல் ஆற்றில் மாணவர்கள் கட்டிய மிதவை கவிழ்ந்து 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தது இந்த நாடே அறிந்த துயரம். உயிர்காப்புச் சட்டை கொடுக்கவில்லை, முறையான பெயர் அழைப்பும் நடக்கவில்லை. அவன் காணாமல் போனது மறுநாள்தான் தெரிந்தது. அந்தச் செய்தியை ஆசிரியர் அறையில் சேர்ந்து படித்து வருந்தியவர்கள்தான் நாங்கள். அதிலிருந்து உயிர்காப்புச் சட்டைப் பாடத்தை எடுத்துக்கொண்டோம். எங்கள் மிதவைப் பயிற்சியில் சட்டை இல்லாமல் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கவில்லை. பெயர் அழைப்புப் பாடத்தை விட்டுவிட்டோம்.

ஏன் பெயர் சொல்லி அழைக்கவில்லை என்று யோசித்தால் எனக்கு வலிக்கிற இடம் வருகிறது. பட்டியல் பஸ்ஸில் இருந்தது. கையில் இருந்திருந்தாலும், கொட்டும் மழையில் வாய் தடுமாறாமல் என்னால் சொல்ல முடிந்த பெயர்கள் 14தான், என் தமிழ் வகுப்புப் பிள்ளைகள். மற்ற பிள்ளைகளை முகம் தெரியும், சிரிப்பு தெரியும். ஜூலுப் பெயர்களைச் சுருக்கி, என் நாக்குக்கு வசதியாக வைத்துக்கொண்டிருந்தேன். எண்ணுவது எனக்கு எளிதாக இருந்தது, எண்ணினேன்.

இன்னொரு முடிச்சும் உண்டு. இடி நேரத்தில் கூட்டமாக நிற்கக் கூடாது. ஒரு மின்னல் எல்லோரையும் சாய்த்துவிடாமலிருக்க இடைவெளி விட்டுப் பரவ வேண்டும். கணக்கெடுக்க வேண்டுமானால் சேர்ந்து நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். பரவி நிற்கும் பிள்ளைகளுக்கு ஜோடிதான் ஒரே கயிறு, அந்தக் கயிற்றை அறுத்தது ஒரு சாப்பாட்டுப் பை. சைவம் கேட்டது பிள்ளைகளின் தவறு இல்லை. சைவத்தைத் தனி மூட்டையாகக் கட்டியது பெரியவர்கள் எங்கள் தவறு.

வீடு

சொல்வதா, எப்போது சொல்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. ஊர் திரும்பிய பிறகு நேரில் சொல்லலாம், இப்போது சொன்னால் பதறுவார்கள் என்று ஒரு பக்கம். நான் அன்றிரவே சமையலறைத் தொலைபேசியில் குட்டியின் வீட்டைக் கூப்பிட்டேன். அம்மா இரவு வேலைக்குப் போயிருந்தார். எடுத்தது ஆயா. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"எண்ணினோம் ஆயா. எண்ணிக்கை சரியா இருந்திச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஆயா சொன்னார்: "எங்கம்மா புள்ளைங்கள எண்ண விடமாட்டாங்க டீச்சர். கண்ணு படும்னுவாங்க. எட்டு புள்ளைங்க நாங்க. ராத்திரி சோத்துக்கு ஒவ்வொருத்தர் பேரா கூப்பிடுவாங்க. வராத பேருக்கு எழுந்து தேடப் போவாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு குட்டியிடம் பேசக் கேட்டார். "டப்பாவக் கழுவிட்டேன் ஆயா" என்று அவள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

பெற்றோர் கூட்டத்தில் சிலர், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோமே, இனி நாங்கள் என்ன கேட்க முடியும் என்றார்கள். எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று பெற்றோரிடம் எழுதி வாங்கும் இண்டெம்னிட்டி படிவத்தைப் பற்றிய இந்த எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 60ஆவது பிரிவின்படி, அரசுப் பள்ளி நடத்தும் நடவடிக்கையில் பள்ளியின் செயலாலோ செய்யத் தவறியதாலோ நேரும் இழப்புக்கு அரசு பொறுப்பு. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பெருங்கவனக்குறைவுக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கும் வாசகத்தைத் தடை செய்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு என்று அந்தக் கூட்டத்திலேயே சொன்னேன். சக ஆசிரியர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

மறு ஆண்டு

மலைநடை காலை 7 மணிக்கு, நண்பகலுக்குள் கீழே. பயிற்சியாளர் வர முடியாவிட்டால் கயிறு வேண்டாம், மலையின் நேரம் மாறாது. பிள்ளை ஒவ்வொருவர் கழுத்திலும் விசில். மழைக்கோட்டின் முதுகில் பள்ளியின் நிறத்தில் அகல நாடா. ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் வாக்கி டாக்கியும், நனையாத உறையில் பெயர்ப் பட்டியலும். மலையில் சாப்பாடு எல்லோருக்கும் சைவம். சைவக்காரர்கள் தனியாகப் போக வேண்டிய தேவையே இல்லை. கோழி இல்லையா என்று முகம் சுளித்த பையன்களும் ரொட்டியில் சுருட்டிய பீன்ஸ் கறியை முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஒரு பிள்ளை தன் ஜோடி எங்கே என்று கேட்டால், பதில் சொல்லும் முன் அந்த ஜோடியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். இதை நான்தான் எழுதிச் சேர்த்தேன்.

பெயர்களைக் கற்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. 7ஆம் வகுப்புக்குப் போய்விட்ட குட்டியின் ஜோடி இடைவேளையில் வந்து உட்கார்ந்து, புதுப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கி எடுக்கும் ஒலி எனக்கு வரவே இல்லை. அவளுடைய பெயரே அந்த ஒலியில்தான் வருகிறது. ஆறு வருடமாக அவளை நான் தப்பாகக் கூப்பிட்டிருக்கிறேன், அவள் ஒருநாளும் திருத்தியதில்லை. பட்டியல் முடிந்ததும் அவளுடைய பெயரைச் சொல்லிப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி சொன்னேன். பக்கத்தில் குட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான்காம் முறை சொன்னபோது அவள் எழுந்து நின்று, முகாமில் பதில் சொல்வதுபோல் கையை உயர்த்தினாள்.

"ங்கிகோனா, மேம்." இருக்கிறேன்.